கிரைண்டரைக் கீழே வையுங்கள்

டெட்ராய்ட் வட்டாரத்தில் பழைய மசில் கார் வாங்கி வைத்திருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

நோவாயிலும் டிராயிலும் கேன்டனிலும் உங்கள் காரேஜ்களுக்கு வந்திருக்கிறேன். காபி குடித்து, காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாய்வரை வந்ததைச் சொல்லாமல் திரும்பியிருக்கிறேன். விருந்தாளியாகப் போன இடத்தில் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடல்.

வார நாட்களில் உங்களில் பலர் செய்வது புதிய கார்களுக்கான மீட்டர் பெட்டி, திரை, அவற்றை ஓட்டும் மென்பொருள். சனிக்கிழமை விடிந்தால் ஒரு 68 கமாரோவின் அடியிலோ 84 மஸ்டாங்கின் ஸ்டியரிங்குக்குக் கீழேயோ மல்லாந்து கிடக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆசை வருவது இயற்கை. இந்தக் குளிர்காலத்தில் நான் போன இடமெல்லாம் ஒரே பேச்சுதான்: பழைய டாஷ்போர்டு போகட்டும், புதியது வரட்டும். ஒருவர் வீட்டில் 68 கமாரோவுக்குப் பக்கத்தில், விபத்தில் அடிபட்ட 2010 கமாரோ ஒன்றின் முழு டாஷ்போர்டும் போர்வை போர்த்திக் கிடந்தது. அவர் கையில் ஆங்கிள் கிரைண்டர்.

ஒரு ஸ்க்ரூ மாறினாலும் கார் தீட்டுப்பட்டுவிட்டதாகக் கண்காட்சிகளில் சண்டை போடும் கூட்டத்தில் நான் இல்லை. டாஷ்போர்டை மாற்றலாம். மாற்றியே தீரவேண்டிய கார்களும் உண்டு. எந்த டாஷ்போர்டை, எந்த உடலில், எதை வெட்டிப் பொருத்தப் போகிறீர்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

புனிதம் பேசுகிறவர்களுக்கு முதலில் ஒரு பதில். இந்தக் கார்களில் கம்பெனிகள் கையை இறுக்கிக்கொண்ட இடங்களில் டாஷ்போர்டும் ஒன்று. 1964 ஏப்ரல் 17 அன்று மஸ்டாங் வெளிவந்தபோது அதன் ஆரம்ப விலை 2,368 டாலர். அந்த விலை எப்படிக் கட்டுப்படியானது என்பதற்கான விடையில் ஒரு பகுதி ஓட்டுநரின் கண்ணுக்கு நேராகவே இருந்தது. ஃபால்கன் என்ற சாதுவான குடும்பக் காரின் மீட்டர் பட்டையைக் கொஞ்சம் மாற்றி அப்படியே வைத்துவிட்டார்கள். படுக்கைக் கோடாக ஒரு ஸ்பீடோமீட்டர். ஆயில் அழுத்தத்துக்கும் சார்ஜுக்கும் முள் கிடையாது, சிவப்பு விளக்குதான். ஐந்து வட்ட மீட்டர்கள் வேண்டுமென்றால் 1965-ல் ஜிடி போன்ற பேக்கேஜுக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கவேண்டும். 1966-ல் அந்த ஐந்து வட்டத்தை எல்லா மஸ்டாங்குக்கும் கொடுத்தார்கள். அதன்பின் 65 வைத்திருப்பவர்கள் 66-ன் மீட்டர் பெட்டியைத் தேடிப் பொருத்துவது இன்றுவரை நடக்கிறது. யாரும் அதைப் பாவமாக நினைப்பதில்லை.

செவ்ரோலேயும் அப்படித்தான். 1967 கமாரோவில் கண்ணுக்கு நேரே இருந்தவை இரண்டு பெரிய வட்டங்கள். மற்ற மீட்டர்களுக்குத் தனிக் காசு. அவற்றையும் கியர் லீவருக்கு முன்னால், முழங்கால் உயரத்தில் கன்சோலில் வைத்தார்கள். ஆயில் அழுத்தம் பார்க்க ரோட்டிலிருந்து கண்ணை எடுத்துத் தரையைப் பார்க்கவேண்டும். போன்டியாக் அதே ஆண்டு ஜிடிஓவுக்கு டாக்கோமீட்டரை பானெட்டின் மேல் வைத்துத் தந்தது, மழையும் பனியும் படும்படி. எனக்கு அது கொள்ளைப் பிரியம். ஆனாலும் அதை இனி யாரும் மாற்றக்கூடாத சாசனமாக என்னால் கொண்டாட முடியாது.

இன்னொன்று. நீங்கள் செய்ய நினைப்பதைத் தொழிற்சாலைகளே செய்திருக்கின்றன. இரண்டாம் தலைமுறை கமாரோ 1970-ல் வந்தது. 1981 வரை அடிப்படையில் அதே உடல்தான். 1979-ல் அந்த உடலுக்குள் புதிய டாஷ்போர்டு ஒன்றை வைத்தார்கள். நாம் ஃபாக்ஸ் என்று சொல்லும் மஸ்டாங் 1979-ல் தொடங்கி 1993 வரை போனது. 1987-ல் அதன் முகமும் டாஷ்போர்டும் மாறின, எலும்புக்கூடு மாறவில்லை. எட்டு வருஷப் பழைய உடலுக்குள் புதிய டாஷ்போர்டை நுழைக்கும் வேலையை ஃபோர்டு நமக்கு முன்பே செய்து, லட்சக்கணக்கான வண்டிகளில் ஓட்டியும் காட்டிவிட்டது. 86 வரையிலான ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் 87-க்குப் பிந்தைய டாஷ்போர்டைத் தேடி அலைவது அதனால்தான். அந்த ஆசைக்கு என்னிடம் மறுப்பே இல்லை.

ஆனால் தொழிற்சாலை முகத்தை மட்டும் மாற்றவில்லை என்பதைப் பாருங்கள். பெட்ரோல் டாங்குக்குள் மிதவையோடு ஆடி, அளவை மீட்டருக்குச் சொல்லும் சென்டர் (sender), 1986 வரையிலான ஃபோர்டுகளில், டாங்க் காலியாக இருந்தால் சுமார் 73 ஓம் காட்டும், நிரம்பியிருந்தால் 10 ஓம். 1987-லிருந்து காலிக்கு 16, நிறைவுக்கு 158. எண்களும் மாறின, ஏறுமுகம் இறங்குமுகமும் மாறியது. ஃபோர்டு புதிய மீட்டரை வைத்தபோது டாங்குக்குள்ளும் புதிய சென்டரை வைத்தது. நீங்கள் ஜங்க்யார்டில் 89 மஸ்டாங்கின் டாஷ்போர்டைக் கழற்றி வந்து 84-ல் மாட்டுகிறீர்கள், டாங்கை மறந்துவிடுகிறீர்கள். என்ன ஆகும்? டாங்கை நிரப்பியவுடன் முள் காலிக்கும் கீழே படுக்கும். பெட்ரோல் தீரத் தீர முள் மேலே ஏறும். ஒரு சொட்டும் இல்லாத நேரத்தில் அரை டாங்கை நெருங்கி நிற்கும். நமக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் ஐ-96-ல் ஓரங்கட்டி நின்றார். அவர் பகல் வேலை சென்சார் கேலிப்ரேஷன், பெயரைச் சொல்லமாட்டேன்.

கம்பெனி தாண்டிப் பொருத்தினால் இன்னும் வேடிக்கை. அறுபதுகளின் நடுவிலிருந்து ஜிஎம் வண்டிகளில் காலிக்கு 0, நிறைவுக்கு 90 ஓம். பழைய ஃபோர்டு, கிறைஸ்லர் டாங்குகளோடு ஜிஎம் மீட்டரைக் கோத்தால் காலி டாங்கில் முள் முக்காலைத் தாண்டி நிற்கும். கடையில் வாங்கும் பொதுவான மீட்டர்களில் பல 240-லிருந்து 33 ஓம் வரை எதிர்பார்ப்பவை. இதற்கெல்லாம் மருந்து உண்டு. சென்டரை மாற்றலாம், நடுவில் ஒரு சின்ன மின்னணுப் பெட்டி வைத்து ஓம் அளவை மொழிமாற்றலாம். முதலில் உங்கள் டாங்க் என்ன பேசுகிறது என்று மல்டிமீட்டர் வைத்துக் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். டாஷ்போர்டு வாங்குவதற்கு முன்னால், வாங்கிய பிறகு அல்ல.

பழைய ஃபோர்டு, கிறைஸ்லர் மீட்டர்களின் உள்ளே இருப்பது இன்னொரு உலகம். அந்த முட்கள் வெப்பத்தால் நகர்பவை. மீட்டருக்குள் ஓர் இரட்டை உலோகப் பட்டை. அதைச் சுற்றிய கம்பி சூடேறினால் பட்டை வளைந்து முள்ளைத் தள்ளும். இவற்றுக்கு 12 வோல்ட் நேராகப் போகாது. டாஷ்போர்டின் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு ரெகுலேட்டர், விட்டு விட்டு மின்சாரம் கொடுத்துச் சராசரி 5 வோல்ட் போல ஆக்கித் தரும். புதிய டாஷ்போர்டிலிருந்து இரண்டு மீட்டரையும் பழையதிலிருந்து இரண்டு மீட்டரையும் கலந்து மாட்டும்போது இதை மறந்து 12 வோல்ட்டைக் கொடுத்தால், எல்லா முட்களும் ஒரு தடவை கடைசிவரை ஓடிச் சாயும். அதன்பிறகு அவை அசையாது. அந்த ரெகுலேட்டருக்குச் சரியான எர்த் கிடைக்காவிட்டாலும் வினை அதேதான். பழைய டாஷ்போர்டு முழுக்க இரும்பு, எர்த் தானாகக் கிடைத்துவிடும். பிளாஸ்டிக் டாஷ்போர்டில் எர்த்துக்குத் தனி வயர் இழுக்கவேண்டும். இது உங்களுக்குத் தெரியாதா என்ன, அலுவலகத்தில் தெரியும். காரேஜில் மறந்துவிடுகிறீர்கள்.

இனி ஆம்மீட்டர். கிறைஸ்லர் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். சேலஞ்சர், சார்ஜர், டஸ்டர், எதுவானாலும் சரி. அந்தக் காலக் கிறைஸ்லர்களில் பேட்டரிக்குப் போகும் சார்ஜ், பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் இரண்டுமே டாஷ்போர்டில் இருக்கும் ஆம்மீட்டரின் இரண்டு ஸ்டட்கள் வழியாகத்தான் போய்வரும். வழியில் ஃபயர்வாலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கனெக்டர். அதற்குள் சின்னத் தகட்டு முனைகள். அம்பது வருஷத் துருவும் தளர்ச்சியும் சேர்ந்து அந்த முனை சூடாகி, பிளாஸ்டிக் உருகி, கருகிய கதைகள் ஏராளம். அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் சின்னது, மின்சாரம் தின்னும் பொருட்களும் குறைவு, அதனால் தாக்குப்பிடித்தது. நீங்களோ மின்விசிறி, டாங்குக்குள் பம்ப், ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் ஏற்றி 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டரும் மாட்டியிருக்கிறீர்கள். டாஷ்போர்டை மாற்றச் சொல்வதற்கு எனக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஆம்மீட்டரை எடுங்கள், வோல்ட்மீட்டர் வையுங்கள், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேரடியாகத் தடித்த கேபிளை ஃபியூசிபிள் லிங்க்கோடு போடுங்கள். கவனம்: ஆம்மீட்டரைக் கழற்றிவிட்டு அதன் இரண்டு வயர்களையும் அப்படியே தொங்கவிட்டால் வண்டி செத்துப்போகும். இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றினால் ஓடும், ஆனால் ஃபயர்வாலில் அந்தச் சூடு அப்படியே இருக்கும்.

ஜிஎம் ஆட்களுக்கு எதிர்ப் பிரச்சினை. மெக்கானிக்குகள் இடியட் லைட் என்று கேலி செய்யும் அந்தச் சிவப்பு சார்ஜ் விளக்கு, அந்தக் கால ஜிஎம் வண்டிகளில் வெறும் அறிவிப்பு விளக்கு அல்ல. ஆல்டர்னேட்டருக்கு ஆரம்ப உசுப்பைக் கொடுக்கும் மின்சாரம் அந்த பல்பு வழியாகவும் அதற்கு இணையான ரெசிஸ்டன்ஸ் வயர் வழியாகவும் போகிறது. புதிய டாஷ்போர்டில் அந்த விளக்கு இல்லையே என்று வயரைக் கத்தரித்தால், இன்ஜினை ஒரு தடவை ஏற்றி முறுக்கும்வரை சார்ஜ் ஆகாது, சில வண்டிகளில் ஆகவே ஆகாது. ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிப் போடுவீர்கள். அதுவும் சார்ஜ் ஆகாது.

ஸ்பீடோமீட்டரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பழையது கேபிளால் சுற்றுவது; ஒரு மைலுக்கு 1,000 சுற்று. உள்ளே ஒரு காந்தம், ஓர் அலுமினியக் கிண்ணம், மெல்லிய ஸ்பிரிங். புதியது மின் துடிப்புகளை எண்ணுவது. ஜிஎம்மில் பெரும்பாலும் மைலுக்கு 4,000, ஃபோர்டில் 8,000. கியர்பாக்ஸில் கேபிள் போகும் இடத்திலேயே திருகக்கூடிய துடிப்பு சென்சார்கள் கிடைக்கின்றன. அச்சு விகிதத்தையும் டயர் அளவையும் மாற்றியவர்கள் ஜிபிஎஸ் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இது எளிது.

புதியதெல்லாம் மேலானது என்று நினைப்பவர்களுக்கு இடையில் ஒரு கதை. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் வேக வரம்பு மணிக்கு 55 மைல். 1979 செப்டம்பரிலிருந்து புதிய கார்களின் ஸ்பீடோமீட்டர் 85-க்கு மேல் காட்டக்கூடாது, 55-ஐத் தனித்துக் காட்டவேண்டும் என்று கூட்டரசு விதி வந்தது. 1982-ல் அதை எடுத்துவிட்டார்கள்; 85 மைல் முகங்கள் பல கார்களில் அதன்பின்னும் சில வருஷங்கள் நீடித்தன. எனவே 1972 கமாரோவில் மாட்ட 1980-ன் டாஷ்போர்டைத் தேடுகிறவரே, உங்கள் 350 வி8 இன்ஜின் வேகமெடுக்கையில் முள் 85-ல் போய் முட்டிக்கொண்டு நிற்கும். டாஷ்போர்டை எந்த ஆண்டிலிருந்து எடுக்கிறோம் என்பதில் வாஷிங்டன் அரசியலும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

இப்போது கிரைண்டருக்கு வருகிறேன்.

முதல் தலைமுறை கமாரோவின் டாஷ்போர்டு இரும்புத் தகடு. ஸ்க்ரூ போட்டு மாட்டியதல்ல. கண்ணாடிக்குக் கீழான கௌல் பகுதியோடும் கதவுக் கீல் தூண்களோடும் வெல்டிங் ஆனது. கமாரோவுக்கு நடுத்தூண் கிடையாது. முன்பக்கம் சப்ஃபிரேம், அதற்குப் பின்னால் உடலே சட்டம். அந்தத் தகட்டை வெட்டினால் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்திருந்த ஒரு பிடிமானம் போகிறது. கதவு சரியாக மூடாமல் போவதுதான் முதல் அறிகுறி. புதிய கார்களில் இந்த வேலையைச் செய்வது டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் குறுக்குக் குழாய். தூணிலிருந்து தூணுக்கு போல்ட் போட்டிருப்பார்கள், ஸ்டியரிங் காலமும் அதில்தான் தொங்கும். நீங்கள் ஜங்க்யார்டிலிருந்து கொண்டுவந்தது வெறும் பிளாஸ்டிக் மூடி என்றால், அந்தக் குழாயை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

அளவும் ஒத்துவராது. 1967 கமாரோ 72.5 அங்குல அகலம். 2010 கமாரோ 75.5. மூன்று அங்குலம்தானே, ஓரத்தில் சீவிவிடலாம் என்பீர்கள். ஓரத்தில் இருப்பவை காற்று வெளிவரும் துவாரங்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஆழம். புதிய காரின் முன்கண்ணாடி நன்றாகச் சாய்ந்திருக்கும். டாஷ்போர்டின் மேல்தளம் அந்தச் சாய்வுக்குக் கீழே வெகுதூரம் நீண்டுபோகும். பழைய காரின் கண்ணாடி நிமிர்ந்து நிற்கிறது. புதிய டாஷ்போர்டின் முன்பகுதியை வெட்டாமல் அது உள்ளே போகாது. வெட்டுகிற இடத்தில்தான் கண்ணாடியின் பனியை உருக்கும் டிஃப்ராஸ்டர் துவாரங்கள் இருக்கின்றன. மிச்சிகனில் இருந்துகொண்டு இதைச் செய்கிறவரை என்ன சொல்ல? ஹீட்டர் பெட்டியும் வைப்பர் மோட்டாரும் இதன்பின் வரிசையாக நின்று முறையிடும்.

சட்டமும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. 1967 கமாரோவில் வண்டி எண் தகடு கதவுத் தூணில் இருந்தது. 1968-ல் அதைக் கண்ணாடி வழியாக வெளியிலிருந்து படிக்கும்படி டாஷ்போர்டின் மேல் தகட்டில், ஓட்டுநர் பக்கம், ரோஜாத் தலை ரிவெட் போட்டு அடித்தார்கள். மஸ்டாங்கில் அந்த ஒரு வருஷம் மட்டும் பயணியின் பக்கம். 1969-ல் ஓட்டுநர் பக்கம் வந்துவிட்டது. தெரிந்தே அந்தத் தகட்டைப் பிடுங்குவதும் மாற்றி ஒட்டுவதும் கூட்டரசுக் குற்றம். பழுதுபார்ப்புக்கு விலக்கு உண்டே என்று சட்டம் படித்த நண்பர் ஒருவர் வாதாடினார். இருக்கட்டும். நாளை வண்டியை விற்கப்போகும்போது, ரிவெட் மாறியிருப்பதைப் பார்க்கிற போலீஸ்காரரிடம் அந்த விலக்கை விளக்கப்போவது நீங்கள்தான். பலகோடி டாலர் ஏல உலகத்தில் அந்தச் சின்னத் தகடு ஒன்றுக்குத்தான் முதல் பரிசோதனை.

ஏர்பேக் பற்றியும் கேட்கிறீர்கள். 1998 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் முன்பக்கம் இரண்டு ஏர்பேக் கட்டாயம். ஆகவே நீங்கள் கொண்டுவரும் டாஷ்போர்டில் பயணிப் பக்கம் ஏர்பேக் மூடியோ, ஏர்பேக்கோ இருக்கும். வெடிமருந்தோடு வந்தால் தயவுசெய்து அதைத் தனியாக எடுத்து முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள். அது எப்போது விரியவேண்டும் என்று முடிவுசெய்யும் கணக்கு, அந்தக் காரின் முன்பக்கம் எப்படி நசுங்கும் என்பதை வைத்துப் போடப்பட்டது. உங்கள் 68-க்கு அது பொருந்தாது. அதே சமயம் பழைய டாஷ்போர்டைப் பற்றிய கனவும் வேண்டாம். 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டரசுப் பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகுதான் பேடிங்கும் நசுங்கும் ஸ்டியரிங் காலமும் சட்டப்படிக் கட்டாயமாயின. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் டாஷ்போர்டில் முதலில் கைவைக்கவேண்டியது மீட்டரில் அல்ல. தோளில் குறுக்காக வரும் சீட் பெல்ட் போடுங்கள், பிறகு மற்றதெல்லாம்.

திரையைப் பற்றிப் பேசாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். உங்கள் தொழில் அது. 1986 பிப்ரவரியில் இதே டெட்ராய்டில் நடந்த எஸ்ஏஇ மாநாட்டில்தான் காரின் கணினிப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் பஸ்ஸை பாஷ் கம்பெனி உலகுக்குக் காட்டியது. 2008 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்களில் பரிசோதனைத் தொடர்புக்கு அதுவே கட்டாயம். புதிய காரின் மீட்டர் பெட்டியை மேசையில் வைத்து 12 வோல்ட் கொடுத்தால் அது விழித்துப் பார்க்கும், யாராவது பேசுகிறார்களா என்று கவனிக்கும், யாரும் பேசாவிட்டால் எல்லா எச்சரிக்கை விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்ஜின், பிரேக், உடல் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று அது எதிர்பார்க்கும் செய்திகளையெல்லாம் சின்ன மைக்ரோகன்ட்ரோலரில் பொய்யாக உருவாக்கி அனுப்பி, அதை நம்பவைத்துவிட்ட உங்கள் திறமையை நான் மெச்சுகிறேன். மனப்பூர்வமாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் அதன் ஆயுள்? 1984 கார்வெட் முழு டிஜிட்டல் டாஷ்போர்டோடு வந்தது. 1990-ல் ஜிஎம்மே முட்களைத் திரும்பக் கொண்டுவந்து கலவையாக வைத்தது. 1986 ப்யூக் ரிவியராவில் தொடுதிரையே இருந்தது, பழைய டிவி போன்ற சிஆர்டி குழாயில். சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். இன்று அவற்றை வைத்திருப்பவர்கள் அதைப் பழுதுபார்க்கும் ஆளைத் தேடி மாநிலம் மாநிலமாக அலைகிறார்கள். 2022-ல் 3ஜி நெட்வொர்க்குகளை மூடியபோது பல கார்களின் தொடர்பு வசதிகள் ஒரே இரவில் ஊமையாயின. எந்தச் சிப்பை எப்போது நிறுத்தப்போகிறோம் என்ற அறிவிப்பை எழுதுவதே உங்களில் சிலர்தானே? 1966 மஸ்டாங்கின் வெப்ப மீட்டரை இன்றும் ஒருவர் சமையல் மேசையில் வைத்துச் சரிசெய்துவிடுவார். இன்று நீங்கள் வெட்டி ஒட்டும் திரைக்கு இன்னும் முப்பது வருஷம் கழித்து உதிரி யாரிடம் கிடைக்கும்? அதற்காக இரும்பை அறுக்காதீர்கள் என்பதுதான் என் கேள்விக்கு நானே சொல்லும் பதில்.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். உங்கள் காரின் உடல் பிறந்ததிலிருந்து நிறுத்தப்பட்டது வரை அதே உடலுக்குத் தொழிற்சாலை என்னென்ன டாஷ்போர்டு கொடுத்தது என்று பாருங்கள். அவற்றில் பிடித்த கடைசி ஒன்றை எடுங்கள். டாஷ்போர்டை மட்டும் கழற்றாமல், அதே வண்டியிலிருந்து ஹார்னஸ், சென்டர்கள், காற்றுக் குழாய்கள், தாங்கும் கம்பிகள் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். ஒவ்வொரு கனெக்டருக்கும் போட்டோ எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். ஃபாக்ஸ் மஸ்டாங்குக்கு இது அருமையான வழி. 65 மஸ்டாங்குக்கு 66-ன் ஐந்து வட்டம். அதோடு ஆயில் விளக்குக்கான சுவிட்சைக் கழற்றிவிட்டு, முள்ளுக்கான சென்டரை இன்ஜினில் மாட்டுங்கள். சுவிட்சோடு முள்ளை இணைத்தால் அது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

முதல் தலைமுறை கமாரோ, செவெல், சார்ஜர் போன்றவற்றுக்கு முகத்தை விட்டுவிட்டு உள்ளே மாற்றுங்கள். தெற்கு டகோட்டாவின் டகோட்டா டிஜிட்டல், நம் மிச்சிகனிலேயே பாய்ன் சிட்டியில் இருக்கும் கிளாசிக் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்றவர்கள் பழைய துளைக்குள் உட்காரும்படி புதிய மீட்டர்கள் செய்கிறார்கள். தகட்டில் ஒரு துளைகூடப் போடவேண்டாம். எல்லாமே மின்னணு, சென்டர்கள் அவர்களே தருவது, ஆம்மீட்டருக்குப் பதில் வோல்ட்மீட்டர். வயரிங்கையும் அதே கையோடு மாற்றுங்கள். அறுபது வருஷத்துத் துணி டேப்புக்குள் இருக்கும் வயரோடு புதிய மீட்டரைக் கோப்பது எனக்கு ஒப்புதலில்லை. உங்கள் கையெழுத்து தெரியவேண்டும் என்றால் கையுறைப் பெட்டிக்குள் திரை வைத்துக்கொள்ளுங்கள். மூடினால் யாருக்கும் தெரியாது, பத்து வருஷம் கழித்துச் செத்தாலும் நஷ்டமில்லை.

கடைசியாக, ஓடோமீட்டர். 1972-ல் வந்த கூட்டரசுச் சட்டத்தின்படி, ஓடோமீட்டரை மாற்றும்போது பழைய மைலேஜையே புதியதில் வைக்க முடியாவிட்டால் அதைப் பூஜ்யமாக்கி, பழைய எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதி ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டவேண்டும். பழைய வண்டிகளுக்கு விற்பனைப் படிவத்தில் மைலேஜ் எழுதுவதிலிருந்து விலக்கு இருக்கிறது என்று பலர் இதையும் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. கழற்றிய பழைய டாஷ்போர்டை விற்றுவிடாதீர்கள். அதன் மீட்டரோடு, ஸ்க்ரூக்களை ஒரு டப்பாவில் போட்டு, காரின் சொத்தாகவே எடுத்துவையுங்கள். உங்களுக்குப் பின் வாங்குகிறவர் அதற்குத் தனி விலை கொடுப்பார்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூவின் பழைய கார் ஊர்வலத்தில் எல்லோரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பீர்கள். நான் வந்தால் டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துக் காட்டுங்கள். அதற்கு முன்னால், இந்த வாரமே, டாங்க் சென்டரின் வயரைக் கழற்றி, காலியில் எத்தனை ஓம், நிறைவில் எத்தனை ஓம் என்று அளந்து எழுதி அனுப்புங்கள். வண்டியின் ஆண்டையும் கியர்பாக்ஸையும் சேர்த்து எழுதுங்கள். எந்த மீட்டர் பொருந்தும் என்று உட்கார்ந்து பார்ப்போம். கிரைண்டர் என்னிடம் இருக்கட்டும். ஏப்ரலில் திருப்பித் தருகிறேன்.

அன்புடன்,
ராயல் ஓக்கிலிருந்து உங்கள் பழைய கார் பைத்தியம் ஒருவன்